சேர்க்கப்படார்

கல்லூரியின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு நன்றிக் கடிதங்கள் வந்திருந்தன. பழைய மாணவியர், பெற்றோர், இப்போது படிப்பவர் என்று அவற்றை மூன்று கட்டுகளாகப் பிரித்து, பிழை திருத்தித் தரும்படி என்னிடம் ஒப்படைத்தார்கள். அக்கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விடுபட்டிருந்தால் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அதனால் எனக்குப் ‘புள்ளி’ என்று பெயர். முதல் முதல்வரைத் தவிர வேறு எவரும் அப்பெயரை என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை போலிருந்தன. கல்லூரி எல்லாரையும் செதுக்கியிருந்தது. அந்தச் சொல் முதல் கட்டில் மட்டும் நாற்பத்தொரு முறை வந்தது. பெற்றோர் கட்டில் ஒரு தகப்பனார், பேருந்து நிறுத்தத்தைக் கல்லூரி வாசலுக்கு மாற்ற வைத்ததற்கு நன்றி கூறியிருந்தார். அதில் திருத்த ஒன்றுமில்லை.

முதல் கட்டின் அடியில் இருந்த கடிதம், நகரக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தின் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுதியது.

“நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என் விண்ணப்பம் கடைசித் தேதிக்குப் பதினொரு நாள் கழித்தே போய்ச் சேர்ந்தது. அப்பா முதல்வருக்குக் கடிதம் எழுதிக் கெஞ்சினார். இரண்டே வரியில் பதில் வந்தது: ‘தங்கள் விண்ணப்பம் காலங்கடந்து வந்தது. தங்கள் மகள் இவ்வாண்டு சேர்க்கப்பட்டார்.’ முதல் வரி குட்டு, இரண்டாம் வரி தடவல் என்று அப்பா இன்றும் சொல்வார். அக்கடிதம் எங்கள் வீட்டுச் சுவரில் சட்டத்துக்குள் இருக்கிறது. என்னை சேர்த்த முதல்வருக்கு நன்றி.”

என் பென்சில் ‘சேர்க்கப்பட்டார்’ என்ற சொல்லில் நின்றது. அதைத் தட்டியவள் நான். வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. முதல்வர் கையால் எழுதித் தந்த வரைவில் ‘சேர்க்கப்படார்’ என்று இருந்தது. அவசரத்தில் ஒரு ‘ட்’டை விட்டுவிட்டார் என்று எண்ணி அதைச் சேர்த்தேன். முதல்வருக்கே பிழை திருத்திய மிதப்பில் அன்று பிற்பகல் இரண்டு தேநீர் குடித்தேன்.

‘சேர்க்கப்படார்’ என்றால் சேர்க்கப்படமாட்டார். வாரார், செய்யார் போன்ற எதிர்மறை. ஒரு புள்ளி எழுத்தால் நான் ‘இல்லை’யை ‘ஆம்’ ஆக்கியிருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைத்தது. அலுவலகத்துக்குப் போய்ப் பழைய கோப்பை எடுக்கச் சொன்னேன். நான் அடுக்கிய இடத்திலேயே இருந்தது. வரைவில் ‘படார்’, நகலில் ‘பட்டார்’, நகலின் கீழே முதல்வரின் கையெழுத்து. அடுத்த ஆண்டின் மறுப்புக் கடிதங்களில் எல்லாம் ‘இடமில்லை’ என்றே இருந்தது. முதல்வர் எளிய தமிழுக்கு மாறிவிட்டார் என்று அந்நாளில் பேசிக்கொண்டோம்.

மலர்க்குழுவின் பொறுப்பாளரான வேதியியல் ஆசிரியை, என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்துவிட்டார்.

“இதைத்தான் மேடம் ஆண்டு விழா மேடையில படிக்கப்போறோம். பழைய முதல்வரம்மா முன்வரிசையில இருப்பாங்க. எழுதினவங்களோட அப்பாவும் வர்றார், தொண்ணூறு வயசுல. ஜோரா இருக்கும்ல?”

எனக்கு ஜோராகத் தோன்றவில்லை. பட்டமளிப்பு விழாவில் விருந்தினரின் உரையை நடுவில் நிறுத்தி ஒருமை பன்மையைத் திருத்தியவர் எங்கள் முதல்வர். “நான் அப்படி எழுதவில்லை” என்று அந்த முதியவர் முன்னால், ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிடக்கூடியவர். மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வியாழன் காலை, முதல்வர் தங்கியிருந்த அவர் தங்கை மகளின் வீட்டுக்குப் போனேன்.

“பெரியம்மா, உங்க ஆபீஸ்காரம்மா வந்திருக்காங்க.”

“புள்ளியா? கதவைச் சாத்திட்டு வரச் சொல்லு. ஏசி காத்தெல்லாம் தெருவுக்குப் போகுது.”

வரைவு, நகல், கடிதம் என்று மூன்றையும் வரிசையாக வைத்தேன். பூதக்கண்ணாடியால் அவர் மூன்றையும் படித்தார்.

“இதுக்கு என்ன?”

“என் தப்பும்மா. நீங்க வேண்டாம்னு எழுதினதை நான் வேணும்னு தட்டிட்டேன்.”

“கையெழுத்து யாரோடது?”

“உங்களோடது.”

“அப்ப படிக்காம கையெழுத்துப் போட்டவ யாரு?”

நகலின் கீழிருந்த கையெழுத்தை மறுபடி பார்த்தேன்.

“அந்தப் பொண்ணு அப்பாவைக் கூட்டிட்டு வந்து என் மேசை முன்னாடி நின்னா. கடிதத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டுது. அந்த மனுஷன் அதுக்குள்ள பக்கத்துத் தெருவுல வீடே பார்த்துட்டாராம். போ, வகுப்புக்குப் போன்னு சொன்னேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

“சொன்னா, படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு ஒத்துக்கணும். அதுவும் உன்கிட்ட. நீ சும்மாவே என் எழுத்துல பேன் பார்க்கறவ.”

“அதனாலதான் அடுத்த வருஷம் ‘இடமில்லை’ன்னு மாத்தினீங்களா?”

“பின்ன? உனக்குப் புரியற தமிழ்ல எழுத வேண்டாமா?”

அடுத்த அறையில் தங்கை மகள் சிரித்தார். கேட்க வந்ததைக் கேட்டேன்.

“மேடையில இதைப் படிச்சா, நான் அப்படி எழுதலைன்னு சொல்லிடுவீங்களா?”

“எழுதினவருக்கு நன்றின்னா சொல்லியிருக்கா? சேர்த்தவருக்குன்னு சொல்லியிருக்கா. சேர்த்தது நான்தான். அதுல பொய் எங்க இருக்கு?” பூதக்கண்ணாடியைக் கடைசி வரிமேல் வைத்தார். “ஆனா பிழை இருக்கு. நீ பார்க்கலையே.”

குனிந்து பார்த்தேன். ‘என்னை சேர்த்த.’ ஒற்று இல்லை. நான்கு நாள்களாக அவ்வரியைப் படித்திருந்தும் அது என் கண்ணில் படவில்லை. பென்சிலை எடுத்து நடுவே ஒரு ‘ச்’ எழுதி, புள்ளியை அழுத்தி வைத்தேன்.

“கொடு” என்று முதல்வர் தாளை வாங்கினார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து முடித்த பிறகே அதை என்னிடம் திருப்பித் தந்தார்.