வளவனின் கும்

கச்சேரியில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவனைப் போலப் பாவப்பட்ட பிறவி உலகத்தில் கிடையாது என்பது வளவனின் தீர்மானமான கருத்து. பாடுகிறவனுக்குக் கைதட்டல், தபேலாக்காரனுக்கு விசில். பேஸ்காரனிடம் மட்டும், "தம்பி, அந்த ஒயர மிதிக்காம நில்லுப்பா" என்பார்கள். ஊரார்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் கட்டின பெண்டாட்டியும் அவர்கள் கட்சியாக இருந்தால் என்ன செய்வது?

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு ஹாலும் சமையலறையுமாக வாடகை வீடு. சாயங்காலம் டவுன் ஜவுளிக்கடையில் பில் போட்டுவிட்டு வந்து தேவிப்ரியா அடுப்பைப் பற்றவைப்பாள். வளவன் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "இப்ப கேட்டுச்சா?" என்பான்.

அவள் கழுத்தைச் சாய்த்துக் கேட்பாள். "கேக்கலையேங்க. ஃபிரிட்ஜ் சத்தந்தான் கேக்குது."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை வாசிப்பான்.

அவனுக்கு வேண்டியது வெறும் சத்தம் இல்லை. கும் வேண்டும். தரையிலிருந்து கிளம்பி, கேட்கிறவன் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்து, அடுத்த சுரத்துக்கு இடம் விட்டு மரியாதையாக எழுந்து போகிற கும். அதற்காக அவன் படுத்திய பாடு கொஞ்சமல்ல. பழைய தந்திகளைக் கழற்றி, அழுக்குப் போக அவளுடைய பால் பாத்திரத்தில் போட்டு வேகவைத்தான்.

"உப்பு போட்டீங்களா?" என்று எட்டிப் பார்த்துக் கேட்டாள் தேவிப்ரியா.

பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி, சத்தம் இழுபடுவதைக் குறைக்கத் தந்திகளுக்கு அடியில் செருகினான். "மீதி ஸ்பாஞ்சுல நானும் தேய்ச்சுப் பாக்கட்டா? பாத்திரத்துலயும் கும் வருதானு பாப்போம்" என்றாள்.

ஒருநாள் கும் வந்தேவிட்டது. எல்லாம் ஸ்பாஞ்சின் மகிமை என்று வளவன் குதித்தான். அவள் வழக்கம்போல, "கேக்கலையேங்க" என்றாள்.

அந்த வாரம்தான் அவன் வாசிக்கிற கச்சேரிக் குழுவை நடத்துகிற பலராமன் அவனைக் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காத வளவா. நம்ம கீபோர்டுக்காரன் லெப்ட் கையாலயே பேஸ் போட்டுடறான். ஆள் கம்மியானா வேன்லயும் இடம் கெடைக்கும். கீழ்பென்னாத்தூர் காதுகுத்துல வாசி. பாத்துட்டு முடிவு பண்றேன்."

வாசிப்பை விட்டால் வளவனுக்கு வேறு நினைப்பே கிடையாது. ஆனாலும் கையில்தான் கும் இருக்கிறதே என்று தைரியமாக வீட்டுக்கு வந்தான். கிட்டாரை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தான். தகர டப்பாவில் கொட்டாங்குச்சி விழுந்த மாதிரி கேட்டது.

ஸ்பாஞ்சை மாற்றினான். திருகாணிகளைத் திருகினான். விரலை மேலே வைத்தான், கீழே வைத்தான். கும் போன இடம் தெரியவில்லை. காதுகுத்துக்கு முந்தின நாள் கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்துவிட்டான். தேவிப்ரியாவுக்கே கிண்டல் பண்ண மனசு வரவில்லை.

"எங்கப்பா மூட்டை அனுப்பிச்சாரே, அன்னிலேர்ந்துதாங்க இப்டி ஆச்சு" என்றாள் மெதுவாக.

"மாமா மூட்டைக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். ஹால் மூலையில் அரிசி டிரம். பிளக் பாயிண்ட் அதற்கு மேலே இருந்ததால், கிட்டார் சத்தம் வெளியே வருகிற ஆம்ப் பெட்டியை எப்போதும் டிரம் மூடியின்மேல்தான் வைப்பான். மாதக் கடைசியில் டிரம் காலி. அப்போதுதான் கும் வந்தது. மாமனார் தன் நிலத்துப் புது அரிசியை மூட்டையாக அனுப்ப, அதைக் கொட்டி டிரம்மை நிரப்பினார்கள். அன்றைக்கே கும் போய்விட்டது.

இரண்டு பக்கெட், ஒரு குடம், குக்கர் என்று கிடைத்த பாத்திரத்திலெல்லாம் அரிசியைக் கொட்டினார்கள். ஆம்பைத் திரும்ப டிரம்மேல் ஏற்றி வளவன் வாசித்தான். கும்!

"மேடைல போய் அரிசி டிரம்ம வெக்கறதா? மானம் போயிடும்" என்றான்.

"எங்கிட்ட உடுங்க" என்று தன் ரிசப்ஷன் துப்பட்டாவை பீரோவிலிருந்து எடுத்தாள்.

மறுநாள் காலை மண்டபத்து மேடையில், ஜரிகைத் துப்பட்டா போர்த்திக்கொண்டு மணப்பெண் மாதிரி டிரம் நின்றது. அதன் தலையில் ஆம்ப்.

"என்னப்பா இது?" என்றார் பலராமன்.

"ஸ்டேண்டுண்ணா."

கீழே தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. கம்பியோடு வந்த ஆசாரியைக் கண்டதுமே தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டு காதைக் காட்ட மறுத்தது. கிலுகிலுப்பை, மிட்டாய் எதற்கும் மசியவில்லை. வளவன் ஒத்திகைக்காக ஒரு இழுப்பு இழுத்தான்.

கும்.

குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தியது. வாயைத் திறந்தபடி, யாரடா என் வயிற்றுக்குள் பேசுவது என்பதுபோல மேடையைப் பார்த்தது. அந்த நேரத்தில் ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்துக்கொண்டார். அதற்கப்புறம் குழந்தை எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்தியது வேறு விஷயம்.

"தம்பி, இன்னொரு காது பாக்கி இருக்கு, அதே மாதிரி வாசிப்பா!" என்று மாமன் கத்தினார். மண்டபமே திரும்பி வளவனைப் பார்த்தது. முதல்முறையாக ஒரு கூட்டம் பேஸ்காரனுக்காகக் காத்திருந்தது. அவன் கிட்டாரை நிமிர்த்திப் பிடித்தான். வாசித்தான்.

சாப்பாட்டுப் பந்தியில் பலராமன் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வர்ற ஞாயித்துக்கெழம போளூர்ல கச்சேரி. அந்த ஸ்டேண்ட மறந்துடாத" என்று மட்டும் சொன்னார்.

திரும்புகிற ஆட்டோவில் அவனுக்கும் கூட வந்திருந்த தேவிப்ரியாவுக்கும் நடுவே டிரம். பாதி வழி வந்தபிறகுதான் வளவனுக்கு ஒரு விஷயம் உறைத்தது.

"ஆமா, சத்தம் அன்னிக்குத்தான் மாறிச்சுனு உனக்கு எப்டித் தெரியும்? உனக்குத்தான் ஒண்ணுமே கேக்காதே?"

தேவிப்ரியா வெளியே மலையைப் பார்த்தாள். காது மடல் சிவந்திருந்தது. "கேட்டுச்சுனு சொன்னா அதோட நிறுத்திடுவீங்களே."

வளவன் டிரம் மூடியை விரலால் தட்டினான்.

"இது கேட்டுச்சா?"

"கேக்கலையேங்க" என்றாள்.

அவன் இன்னொரு தடவை தட்டினான்.