காஜா எடுக்காத சட்டை

1

இந்தக் கதை எனக்குப் பேன்ட் அளவெடுக்கும்போது கிடைத்தது. இடுப்பைச் சுற்றி டேப் இருக்கும்போது எவனும் ஓட முடியாது. டெய்லருக்கு அது தெரியும்.

"போன தொடர்ல கொலைகாரன் யாருன்னு என் தங்கச்சி ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சுட்டா சார்," என்றார். அவர் தங்கை என் தொடர்களை ஒரு வாரம் விடாமல் படிப்பவள். படித்து முடித்ததும் என்னைத் திட்டுபவள்.

பிறகு டேப்பை இறுக்கியபடி சொன்னார்: "ஒரு விஷயம் சொல்றேன். கதையா எழுதிடுங்க. அவ படிக்கட்டும்."

"நேர்லயே சொல்லலாமே."

"நேர்ல சொன்னா அவ மூஞ்சியைப் பாக்கணும் சார்."

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அந்தச் சனிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. வெளியே, கறுப்புக் குடையுடன் நின்ற உருவத்தின் கைப்பையில் —

(கைப்பையில் என்ன? மெல்லிய மதப் புத்தகங்கள், தண்ணீர் பாட்டில், இருமல் மாத்திரை. துப்பாக்கி வைக்கக் கை துறுதுறுத்தது. பழக்கதோஷம்.)

அடுத்து, அடையாளம் தெரியாமல் இருக்க டெய்லரை போட்டோகிராபர் ஆக்கிப் பார்த்தேன். சரிப்படவில்லை. நடந்த தப்பு ஒரு டெய்லர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஆகவே டெய்லர் டெய்லராகவே இருக்கட்டும்.

3

முன்னறை கடை. நடுவில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் தங்கை உட்கார்ந்து பட்டன் துளைகளுக்குக் காஜா எடுப்பாள், பட்டன் தைப்பாள், ஓரம் மடிப்பாள். புருஷன் வீடு வேண்டாமென்று திரும்பி வந்தவள். வந்த புதிதில், "நூல் தீந்துடுச்சு" என்பதைத் தாண்டி அவளிடமிருந்து ஒரு சொல் வராது. ஒரு காலத்தில் தெருவையே வாயால் கட்டி மேய்த்தவள்.

அந்த வாயைத் திறந்து வைத்தவர் குடைக்காரம்மா. சனிக்கிழமைகளில் துணைக்கு ஒரு இளம்பெண்ணை அழைத்துக்கொண்டு வீடு வீடாகத் தன் மதத்தைச் சொல்ல வருபவர். டெய்லர் குடும்பத்தின் மதம் வேறு.

"இந்த உலகத்துல ஏன் இவ்வளவு கஷ்டம்னு யோசிச்சிருக்கீங்களா?" என்று முதல் நாள் ஆரம்பித்தார்.

"யோசிச்சேனே. எங்க அண்ணன் எல்லா காஜாவையும் என் தலையில கட்டறாரு. அதான் காரணம்."

இளம்பெண் திகைத்தாள். குடைக்காரம்மா குலுங்கிச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து வாராவாரம் வாதம். அவர்களை மடக்குவதற்காகவே அவர்கள் கொடுத்த புத்தகங்களை அவள் வரி விடாமல் படித்தாள்.

(இங்கே தொழில்முறையில் ஒரு பொறாமையைச் சொல்லியாக வேண்டும். கிளம்பும்போது குடைக்காரம்மா ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, "பதிலை அடுத்த வாரம் பேசலாம்" என்று எழுந்துவிடுவாராம். இதைத்தான் நான் இத்தனை வருஷமாகப் பக்கத்தின் கடைசி வரியில் செய்துகொண்டிருக்கிறேன். அவருடைய வாசகி அவருக்காக வாசலில் காத்திருந்தாள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.)

4

மதம் மாறிவிடுவாளோ என்ற பயம் டெய்லருக்கு உள்ளூர இருந்தது. ஒரு நாள் திரைக்குப் பின்னால், அவள் துணிக்கூடையில், வெட்டித் தைத்துக்கொண்டிருந்த சட்டை ஒன்றைப் பார்த்தார். முழுக்கை, கழுத்தை மூடிய காலர். அந்தக் கூட்டத்துப் பெண்கள் போடும் தினுசு. போச்சு, உடுப்பு வரைக்கும் வந்தாச்சு என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மழை. குடையையும் மீறி இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து வந்தார்கள்.

"உங்க சாமிக்கு எங்க வீடு தெரியுது. மழை வரும்னு மட்டும் உங்ககிட்ட சொல்லலையா?" என்றாள் தங்கை.

அன்றைக்குப் பார்த்து குடைக்காரம்மா சிரிக்கவில்லை. இருமிக்கொண்டிருந்தார். டீயைப் பாதியில் வைத்தார். வழக்கம்போல ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுக் கிளம்பினார். டெய்லர் தெருமுனை வரை பின்னாலேயே போய், இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவர்கள் வரவே இல்லை.

"நான்தான் வாய்த்துடுக்கா பேசிட்டேன். பாவம், மனசு நொந்துட்டாங்க போல," என்றாள் தங்கை. டெய்லர் தையலில் மும்முரமாக இருந்தார். அவள் மறுபடி "நூல் தீந்துடுச்சு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

பிறகு ஒரு நாள், வேறு துணி தேடும்போது அந்தச் சட்டை அவர் கையில் கிடைத்தது. காஜா எடுக்கப்படாமல் அப்படியே கிடந்தது. விரித்துப் பார்த்தார். தோள் அளவு தங்கையுடையது இல்லை. அகலத் தோள், குட்டையான கைக்கு வெட்டிய முழுக்கை. குடைக்காரம்மா. அந்தம்மா சட்டையின் கைவிளிம்பு நைந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு அவருக்காக அவள் தைத்தது.

"தெருவுல போறவனைப் பாத்தே அளவு சொல்றவன் சார் நான்," என்றார் டெய்லர். "அன்னைக்கு காலரை மட்டும் பாத்தேன். தோளைப் பாக்கலை."

5

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் மர்மக்கதைக்காரனுக்கு எதிர்த்தரப்பையும் விசாரிக்காமல் தூக்கம் வராது. குடைக்காரம்மாவைத் தேடிப் போனேன். முதலில் எனக்கே ஒரு புத்தகம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

"வர வேணாம்னு சொல்லிட்டா அந்த வீட்டுக்கு நாங்க மறுபடி போறதில்லைங்க. கூப்பிட்டா போவோம்."

"சொன்னது அண்ணன்தானே? அந்தப் பொண்ணு இல்லையே."

"அவதான் சொல்லச் சொன்னாளாம். 'உங்க தொந்தரவு தாங்கலைன்னு என் தங்கச்சி அழுவுறா'ன்னாரு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்க பாட்டுக்கு வாரா வாரம் போய் உக்காந்திருக்கோம் பாருங்க. அந்தப் புள்ளைக்கு அவ்வளவு கஷ்டம் குடுத்திருக்கோம், தெரியவே இல்லை."

இந்தத் திருப்பம் நான் வைத்ததில்லை. டெய்லர் என்னிடம் சொல்லாமல் மறைத்தது.

திரும்பிப் போய்க் கேட்டேன். மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"இதையும் எழுதவா?"

தைத்துக்கொண்டிருந்த துணியை நீவி மடித்தார். "எழுதுங்க. அது இல்லைன்னா மீதி எல்லாம் சொல்லி என்ன சார் பிரயோஜனம்."

6

முடிவுகள் சில தைத்துப் பார்த்தேன்.

அ. சனிக்கிழமை. கதவு தட்டப்படுகிறது. (யார் கூப்பிட்டார்கள்? பொய்.)

ஆ. தங்கை கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு திரையை விலக்கி — (விற்கும். ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

இ. அவள் இந்த வார இதழைப் படிக்கவே இல்லை. சட்டை கூடையிலேயே —

மூன்றும் தோள் இறங்கித் தொங்குகின்றன. பிரித்துவிட்டேன்.

கடைசி சனிக்கிழமை குடைக்காரம்மா விட்டுப்போன கேள்வியை மட்டும் இங்கே வைக்கிறேன்: தப்பு செஞ்சவன் வந்து கேக்கறதுக்கு முன்னாடியே அவனை மன்னிக்க முடியுமா?

இவ்வளவு கச்சிதமான கேள்வியை நான் கற்பனை செய்திருந்தால் இதழாசிரியரே அதை அடித்து நீக்கியிருப்பார். நான் விடைபெறும்போது அந்தம்மா சொன்னார்: "அதுக்கு அவ ஒரு பதில் வெச்சிருப்பா. என்னை மடக்கற மாதிரி. அதைக் கேக்க முடியாமப் போச்சேன்னுதான் இருக்கு."

7

மற்ற வாசகர்கள் இதழை மூடிவிடலாம். இனி ஒருவருக்கு மட்டும்.

தங்கச்சி, தலைப்பைப் பார்த்ததுமே நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். அந்தம்மா வராமல் நின்றது உங்கள் வாய்த்துடுக்கால் இல்லை. தானாக வரவும் மாட்டார். நீங்கள் கூப்பிட வேண்டும்.

கடைசி வரியாக ஒரு வார்த்தை எழுதச் சொல்லி உங்கள் அண்ணன் கெஞ்சினார். மறுத்துவிட்டேன். அதை அவர்தான் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்வாரா, சொல்வதற்கு முன்பே நீங்கள் அந்தம்மாவின் கேள்விக்குப் பதிலைச் சொல்லிவிடுவீர்களா, எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் தெரியும். நீங்கள் இதைப் படிக்கும் இந்த நேரம், முன்னறையில் மிஷின் சத்தம் நின்று கொஞ்ச நேரமாகிறது. அவர் திரைக்கு அந்தப் பக்கம், ஊசியில் நூல் கோர்ப்பதுபோல உட்கார்ந்திருக்கிறார்.