ஓடுதளத்தில் காய்ந்த நெல்

‘டிர்ர்ர்ர்’ரென்று கம்ப்ரசர் அலறியது. தரையில் காய்ந்துகொண்டிருந்த நெல் துள்ளியது. காலால் அதைக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்த செல்லக்கிளி திரும்பிப் பார்த்தாள். ஓடுதளத்தின் ஓரத்தில் சிமெண்டைத் துளைத்து வேலிக்குத் தூண் நட ஆரம்பித்திருந்தார்கள்.

“அண்ணே, நெல்லுல கல்லு தெறிக்குது. நீயா வந்து பொறுக்கித் தருவ?”

“சாயங்காலத்துக்குள்ள அள்ளிரும்மா. அப்புறம் கேட்டைப் பூட்டிருவோம்,” என்றார் மேஸ்திரி.

“இன்னும் ரெண்டு வெயில் வேணும்ணே. இம்புட்டு ஈரத்தோட குமிச்சா முளைச்சுப்போகும். நாத்தைக் கொண்டாந்து உங்க வீட்டு வாசல்ல நடவா?”

அப்போதுதான் ஆட்டோவிலிருந்து பிலோமினாள் டீச்சர் இறங்கினார். விளாங்குடிக்காரர், மிஷன் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். உலகப் போரின்போது விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்த நிலையம் இது. கொட்டகைகள் போய், கோபுரமும் போய், திருப்பரங்குன்றம் மலை தெரிகிற வெட்டவெளியில் மிஞ்சியது இந்தத் துண்டு ஓடுதளம்தான். பிளாட் போடுகிறவர்கள் அதையும் பெயர்க்கப் பார்த்தபோது, அதை நினைவுச்சின்னமாக அறிவிக்கச் சொல்லி டீச்சர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்.

தை மாதம் அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். அன்று ஓடுதளத்தில் ஒரு வைக்கோல் துரும்புகூட இல்லை. ஓரத்தில் பெரிய கோலம் வேறு. ‘ஊர்க்காரங்களே சரித்திரத்தை இப்படி மதிக்கிறாங்களே!’ என்று அதிகாரி வியந்தார். டீச்சருக்கும் பெருமை தாங்கவில்லை.

இங்கே நெல் காய்வதை அவர் பார்க்காதவர் இல்லை. புகைப்படம் எடுக்கும்போது, “கொஞ்சம் ஒதுக்கிக்கம்மா,” என்பார். அவ்வளவுதான்.

இன்றும் கேமராவோடுதான் வந்தார். பாதி காய்ந்த நெல்லையும் நட்ட தூண்களையும் பார்த்ததும் அதை வெளியே எடுக்கத் தோன்றவில்லை.

“இவங்களுக்கு மட்டும் ஒரு வழி விடுங்களேன்.”

“யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு மேடம். நீங்கதான அலைஞ்சு திரிஞ்சு வாங்குனீங்க?” மேஸ்திரி சிரித்தார்.

செல்லக்கிளியின் கால் நின்றது. டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கூடையை எடுத்து நெல்லை அள்ளத் தொடங்கினார். சிமெண்ட் உள்ளங்காலைச் சுட்டது.

“வேற எங்க காயப்போடுவ, செல்லக்கிளி?”

“ரோட்டுலதான். பஸ்ஸு ஏறி பாதி நொறுங்கும்.” சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள். “எங்க தாத்தன் உழுத வயலு இதுக்கு அடியிலதான் கெடக்கு. சண்டைக்காலத்துல புடுங்கிக்கிட்டாக. களமாச்சும் மிஞ்சுச்சேன்னு இருந்தோம்.”

“எனக்குத் தோணவே இல்லைம்மா. நான் இந்த இடத்தைக் காப்பாத்தணும்னுதான்...”

செல்லக்கிளி கூடையை வாங்கிச் சாக்கில் கவிழ்த்தாள். பிறகு, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

“அன்னைக்கு ஆபீசருக வந்தப்ப, எங்க களத்தத்தான் காப்பாத்தித் தர வாராகன்னு ஊரே சேந்து கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டோமே டீச்சர்.”