கேமராவில் விழாத கை

தெருவில் எல்லோரும் அவரை மேஜர் என்றுதான் கூப்பிடுவார்கள். ராணுவத்தில் அவர் ஓட்டியது லாரி. மேஜர்களை ஏற்றி இறக்கியதோடு சரி. ஆனாலும் அந்தப் பெயரை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

எழுபது தாண்டியதும் உடம்பு ஒவ்வொரு பக்கமாகக் கைவிரித்தது. இதய அடைப்பு, சர்க்கரை, முழங்கால் தேய்மானம், நாலடி வைத்தால் மூச்சிரைப்பு. காலில் ஒரு புண் ஆறவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதற்குக் கட்டுப்போட ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தார். முன்னாள் படைவீரர் மருத்துவமனை வெகுதூரத்தில் இருந்ததால், உடற்பயிற்சியையும் வீட்டிலிருந்தே செய்யட்டும் என்று ஒரு டேப்லெட்டையும், மார்பில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்றையும் அனுப்பிவைத்தார்கள்.

காலையில் தெரபிஸ்ட் பெண் திரையில் வருவாள். அவளைச் சுற்றிச் சின்னச் சின்னக் கட்டங்களில் நரைத்த தலைகள். எல்லோரும் ஒரு காலத்தில் துப்பாக்கி தூக்கியவர்கள்.

"கையை ஊன்றாம நாற்காலியிலேர்ந்து எழுந்திரிங்க பாக்கலாம்."

முதல் நாள் மேஜர் பாதி எழுந்து தொப்பென்று விழுந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இருந்த ஒருவர், "என்ன டிரைவர், வண்டி ஸ்டார்ட் ஆகலையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேஜரும் சிரித்தார். டேப்லெட்டை அணைத்த பிறகு சாப்பாட்டைத் தொடவில்லை.

அடுத்த முறை மனைவியைக் கூப்பிட்டார்.

"நீ நாற்காலிக்குப் பின்னாடி குனிஞ்சு உக்காந்துக்க. நான் எழும்போது இடுப்புல கைகொடுத்துத் தள்ளு."

"முடியலைன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னா என்னங்க?"

"அத்தனை பேருக்கு முன்னாடியா?"

"எனக்கும் முதுகு..."

"ஒரு நிமிஷ வேலைதானே."

அன்றிலிருந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் மண்டியிட்டாள். முதுகுச் சட்டங்களுக்கு இடையில் கையை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அவரைத் தள்ளினாள். திரையில் மேஜர் ஜம்மென்று எழுந்து நின்றார்.

"சூப்பர் சார்! எல்லாரும் சாரைப் பாத்துக் கத்துக்கணும்" என்றாள் தெரபிஸ்ட். பட்டை காட்டிய இதயத் துடிப்பும் சீராகவே இருந்தது. உழைத்தது அவருடைய இதயம் இல்லையே.

சில மாதங்களில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. அவர் நன்றாகத் தேறிவிட்டாராம். இனி நர்ஸ் வரமாட்டார், புண்ணை வீடியோவிலேயே பார்த்துக்கொள்ளலாமாம்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

"சொல்றேன், சொல்றேன்."

சொல்லவில்லை. கட்டுப்போடும் வேலையும் அவள் தலையில் விழுந்தது.

ஒருநாள் அவள் தள்ளியபோது முதுகில் எதுவோ முறிந்தது. வீலென்று கத்திக்கொண்டு தரையில் சாய்ந்தாள். அதற்குள் மேஜர் எழுந்து நின்றிருந்தார்.

"அருமை சார்! அப்படியே பத்து எண்ணுங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணினார்.

"யாரோ கத்துன மாதிரி இருந்துச்சே?" என்றார் ஆக்சிஜன்காரர்.

"டிவி" என்றார் மேஜர்.

இணைப்பைத் துண்டித்த பிறகு அவளைத் தூக்கப் பார்த்தார். குனியவே முடியவில்லை. எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன்தான் ஓடிவந்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். ஆஸ்பத்திரியில் முதுகெலும்பில் விரிசல் என்று முதுகுப்பட்டை போட்டு, அதிகம் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்த வகுப்பில் மேஜர் டேப்லெட்டைக் கட்டில் பக்கம் திருப்பினார். இத்தனை நாளும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"ஏன் சார் முன்னாடியே சொல்லலை?" என்றாள் தெரபிஸ்ட். "நர்ஸை மறுபடி அனுப்பச் சொல்றேன்."

"எனக்கு வேணாம்மா. இவளுக்கு அனுப்புங்க."

"இது படைவீரர்களுக்கான திட்டம் சார். அம்மாவைச் சேர்க்க முடியாது."

"வேலை பாத்ததெல்லாம் அவதான்மா."

மறுவாரம் நர்ஸ் வந்தார். மேஜரின் காலுக்குக் கட்டுப்போட்டார். கட்டிலைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்.

மகள் காரோடு வந்து நின்றாள். "அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேம்ப்பா. உங்களைப் பாத்துக்கத்தான் ஆள் வருதே."

முதுகுப்பட்டையோடு மனைவியை மெல்ல நடத்திச் சென்றார்கள். வாசலில் அவள் நின்றாள். மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது, கேஸை எப்படி மூடவேண்டும் என்றெல்லாம் சொன்னாள். பிறகு, "டிவின்னு சொன்னீங்களே, அது என் காதுல விழுந்துச்சு" என்றாள்.

மேஜர் மூச்சிரைக்க வாசல்படி இறங்குவதற்குள் கார் போய்விட்டது.

மறுநாள் காலை தெரபிஸ்ட் முதலில் அவரிடம்தான் கேட்டாள். "பக்கத்துல யாராவது இருக்காங்களா சார்?"

"யாரும் இல்லம்மா."

"அப்ப எழுந்திரிக்க வேணாம். உக்காந்தே செய்வோம். கையை மேல தூக்குங்க."

மேஜர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.