ஐம்பது கஜம்

இதனால் மலாக்கா நகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் தமிழ்ப் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் தேதி காலை ஏழரை மணி தொடங்கி, காஜா பேராங் வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் மனித குல வரலாற்றிலேயே முதன்முறையாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவார்கள்.

அறிவித்தவர் பள்ளி வாரியத் தலைவர் கலியாணசுந்தரம். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. இப்போது டவுனில் இரண்டு கடைக்கும் ஒரு காருக்கும் சொந்தக்காரர். ஆகஸ்டு கடைசியில் மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வருகிறது, சுதந்திர நாட்டுப் பிள்ளை இன்னொருத்தன் மிதிக்கிற வண்டியில் உட்கார்ந்து வரலாமா என்று கூட்டத்தில் கேட்டார். ஒவ்வொரு பிள்ளையின் காலும் இந்த மண்ணில் படவேண்டும் என்றார். அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போய் இன்னொரு தடவையும் சொன்னார். பிள்ளைகள் நடந்து வரலாம், சைக்கிளில் வரலாம்; வேறு எந்த வண்டியும் மூலைக் கோப்பிக்கடையைத் தாண்டக் கூடாது. பள்ளி வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, நடந்து வந்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று தினமும் எழுத வேண்டும். முப்பதாம் தேதிக்குள் நூற்றுக்கு நூறு வந்துவிட்டால் பள்ளிக்கு வெள்ளிக்கோப்பை. கோப்பையில் அவர் பெயரை ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது.

பள்ளியில் நூற்றுப் பதினேழு பிள்ளைகள். அதில் நூற்று ஒன்பது பேர் பள்ளி கட்டின நாளிலிருந்து நடந்துதான் வந்துகொண்டிருந்தார்கள், பாதிப் பேர் காலில் ஒன்றும் இல்லாமல். அவர்களை நடக்கச் சொல்லி ஊக்கப்படுத்த ஒரு கூட்டமும் ஒரு சுற்றறிக்கையும் தேவை என்று அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. மிச்சம் எட்டுப் பேர். இரண்டு பேர் தலைவரின் சொந்த மகன்கள், காரில் வருவார்கள். ஆறு பேர் கபீர் பாயின் மூன்று சக்கரப் பெச்சாவில் வருவார்கள். பெச்சாவையும் மிதிக்கத்தானே செய்கிறார்கள், அதுவும் சைக்கிள் கணக்குத்தானே என்று வாரியத்தில் ஒருவர் கேட்டுவிட்டார். முக்கால் மணி நேரம் ஆராய்ந்தார்கள். மிதிக்கிறவன்தான் சைக்கிளில் வருகிறவன், ஆகவே கபீர் மட்டுமே பள்ளிக்குச் சைக்கிளில் வருகிறார் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது.

அந்த ஆறு பேரில் ஒருத்தி கமலவேணி. ஆறாம் வகுப்பு. அவளுடைய அம்மா பூங்காவனம், பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா. காலை ஆறு மணிக்கு வேலைக்கு நிற்க வேண்டும்.

மார்ச் மாதம் கமலவேணி வயதுக்கு வந்தாள். தண்ணீர் ஊற்றி, புட்டுச் சுற்றி, சடங்கெல்லாம் முடிந்த மறுநாளே அவளுடைய பெரியப்பா அப்பாசாமி, இனிமேல் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்பாசாமி ஒரு கப்பல் கம்பெனியில் பியூன். குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். கமலவேணியின் அப்பா பொன்னுதுரைக்குச் சொந்தக் கருத்து என்று ஏதாவது இருந்திருந்தால், அது அண்ணனிடம்தான் பத்திரமாக இருந்திருக்க வேண்டும். வீட்டில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

பூங்காவனம் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தாள். பெண் கபீர் பாயின் பெச்சாவில் ஏறி, மழைப்படுதாவை இறக்கிவிட்டுக்கொண்டு போவாள். பெச்சா பள்ளியின் பக்கவாட்டுப் படிக்கட்டை ஒட்டி நிற்கும். வண்டியிலிருந்து நேரே படியில் கால் வைப்பாள். தெருவில் அவள் கால் படாது. அப்பாசாமி இதைச் சொல்லுக்குச் சொல் திருப்பிக் கேட்டார். "தெருவுல கால் படக் கூடாது. பட்டுச்சுன்னா அன்னிக்கோட பள்ளிக்கூடம் சரி." பூங்காவனம் சரி என்றாள். ஏழாம் வகுப்பு முடித்துவிட்டால் பெண்ணை ஆசிரியைப் பயிற்சிக்கு எடுப்பார்கள். அடுத்த வீட்டுப் பீங்கானும் பெட்பேனும் கழுவாத ஒரு கையை அந்தக் குடும்பத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்கு இன்னும் ஒன்றரை வருஷம் பெச்சா ஓடினால் போதும். கபீர் அவள் பேச்சைத் தட்டவில்லை; அவர் மனைவியின் மூன்று பிரசவத்திலும் பக்கத்தில் நின்றவள் பூங்காவனம்.

ஆகஸ்டு முதல் தேதி மகத்தான நடை தொடங்கியது. தலைவரின் கார் கோப்பிக்கடை மூலையில் வந்து நின்றது. மகன்கள் இருவரும் இறங்கி, அங்கிருந்து பள்ளி வாசல் வரை ஐம்பது கஜம் நடந்தார்கள். டிரைவர் பின்னால் பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பெச்சாவிலிருந்து ஐந்து பொடியன்கள் குதித்து ஓடினார்கள். கமலவேணி இறங்கவில்லை. தலைமையாசிரியர் நல்லையா வாசலில் நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, கபீர் எப்போதும்போல் படிக்கட்டு வரை மிதித்துக்கொண்டு போனார். நல்லையா கெட்டவர் இல்லை. எந்தப் பக்கமும் பார்க்காமல் இருந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பி முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவர்.

ஆனால் பலகை பார்த்துக்கொண்டிருந்தது. தொண்ணூற்றொன்பது என்றது. மறுநாளும் தொண்ணூற்றொன்பது. ஒரு வாரம் அப்படியே நின்றது. பிள்ளைகள் கமலவேணிக்கு 'ஒரு பர்சென்ட்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு பர்சென்ட் வருது, ஒரு பர்சென்ட் தண்ணி குடிக்குது என்று பின்னாலேயே பாடினார்கள். அவள் வீட்டில் இதைச் சொல்லவில்லை. கபீர்தான் சொன்னார்.

இரண்டாவது வாரம் தலைவர் பலகையைப் பார்வையிட வந்தார். திங்கட்கிழமை முதல் அந்தப் பெச்சாவும் மூலையிலேயே நிற்க வேண்டும், வண்டி நுழையாதபடி வாசலை அடைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூங்காவனம் வேலை முடிந்து ஆயா உடுப்போடு நல்லையாவிடம் போனாள். அவர் சுற்றறிக்கையை எடுத்து, கண்ணாடியை மாட்டி, முழுக்கப் படித்தார். எழுதினவரே அவர்தான்.

"சைக்கிளுக்கு எடமிருக்கும்மா. சைக்கிள்ல வந்தா, பாருங்க, கால் தெருவுல படாது. உங்க வீட்டுப் பெரியவரு சொன்னதும் சரியாப் போவும், வாரியம் சொன்னதும் சரியாப் போவும்."

சொல்லி முடித்ததும் அவர் முகம் ஒரு நிமிஷம் பளிச்சென்று ஆனது. பிறகு, பாவாடை கட்டின பன்னிரண்டு வயதுப் பெண் ஆம்பிளைச் சைக்கிளில் கோப்பிக்கடையைத் தாண்டிப் போகும் காட்சி அவர் மனத்திலும் ஓடியிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தலைவரைப் போய்ப் பாருங்கள் என்றார்.

தலைவர் வீட்டு முன்கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். இரண்டு காலும் உப்புப் போட்ட வெந்நீர் வாளிக்குள் இருந்தன, வாதம். நடையின் மகிமையைப் பற்றி அந்த நிலையில் கால் மணி நேரம் பேசினார். பூங்காவனம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். சடங்கு, பெச்சா, படுதா, படிக்கட்டு. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்: "ஏம்மா, நாட்டுக்கே சுதந்திரம் வருது, ஒம் மவளுக்கு மட்டும் வேணாமா? பொம்பளப் புள்ள நடக்கணும். தலை நிமிந்து நடக்கணும்."

பூங்காவனத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை. அந்த ஆள் சொன்னது சரி. அவளே சொல்ல நினைத்து, சொல்ல ஆளில்லாமல் விழுங்கினது.

"இதையே எங்க வீட்டுப் பெரியவருகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. நீங்க சொன்னா கேப்பாரு. தெனம் அந்த மூலைக் கடையிலதான் கோப்பி குடிக்கிறாரு."

தலைவர் காலை வாளியில் கொஞ்சம் அசைத்தார். அது குடும்ப விஷயம், வெளியாள் தலையிடுவது முறையில்லை என்றார். தண்ணீர் ஆறிவிட்டது என்று உள்ளே குரல் கொடுத்தார்.

மிச்சம் இருந்தது அப்பாசாமிதான். அவர் தினமும் காலையில் அந்த மூலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடை வாசலில் தெருவைப் பார்த்த மேசையில் உட்கார்ந்து பசியாறிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். கூடவே பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். கமலவேணி நடக்க வேண்டிய ஐம்பது கஜம் அந்த மேசைக்கு முன்னால்தான் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூங்காவனம் அவர் வீட்டுக்குப் போய்க் கதவோரம் நின்று கேட்டாள். "மாமா, நீங்க அங்கதானே இருக்கீங்க. எந்திரிச்சு அவகூட வாசல் வரைக்கும் நடந்திடுங்க. ஐம்பது கஜம்தான். பெரியப்பா கூட வந்தா யாரு என்ன சொல்லப்போறா?"

அப்பாசாமி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அதைப் பார்த்து அவளுக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது.

"பொம்பளப் புள்ள பின்னால பையைத் தூக்கிக்கிட்டு நடக்கிறானே அப்பாசாமின்னு அந்தக் கடையில ஒருத்தன் சொல்லிட்டான்னு வையி. அப்பறம் நான் எங்க போய்க் கோப்பி குடிக்கிறது?"

பக்கத்தில் நின்ற பொன்னுதுரை, அதுவும் சரிதானே என்பதுபோல் தலையை ஆட்டினான்.

பூங்காவனம் மகளிடம் சொல்லிவைத்தாள். நாளைக்கு வாசலை அடைத்திருந்தால் இறங்காதே, பாயோடு திரும்பி வீட்டுக்கு வந்துவிடு, அம்மா ஏதாவது வழி பண்ணுகிறேன். கமலவேணி சரிம்மா என்றாள். எப்போதும் சரிம்மா என்கிற பெண்தான்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கபீர் ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்கு வந்து நின்றார். பெச்சாவை விட்டு இறங்காமல், ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"தங்கச்சி, நான் திருப்பத்தான் போனேன். புள்ள படுதாவைத் தூக்கிட்டு எறங்கிருச்சு."

எப்படி நடந்தாள் என்று பூங்காவனம் கேட்டாள். அதை ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. புத்தகத்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டு நடந்தாள், ஓடவில்லை, ஓடியிருந்தால் பாதிப் பேர் கவனித்திருக்கவே மாட்டார்கள் என்றார் கபீர். கடையில் பேச்சு நின்றுபோனது. வாசலில் நூற்றுப் பதினாறு பிள்ளைகளும் கை தட்டினார்கள். நல்லையா பழைய எண்ணைத் துடைத்துவிட்டு நூறு என்று எழுதினார். கமலவேணி பலகையைப் பார்த்துச் சிரித்தாளாம்.

"பெரியவரு?"

"கோப்பியைப் பாதியில வெச்சிட்டு எந்திரிச்சிட்டாரு."

பூங்காவனம் உள்ளே போனாள். வார்டில் இன்னும் பன்னிரண்டு படுக்கை விரிப்பு மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த அப்பாசாமி கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். புத்தகங்களையும் சிலேட்டையும் ஒரு பழைய சாரத் துணியில் கட்டி அலமாரிக்கு மேல் வைத்தார். நான் சொன்னதைத்தான் செய்கிறேன், ஒரு சொல் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை என்றார். அது உண்மை. ஒரு நாள்தானே, பிள்ளைகள் கேலி பண்ணியதால்தானே என்று பூங்காவனம் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து கேட்டாள். பொன்னுதுரை தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கமலவேணி ஒரே ஒரு தடவை பேசினாள். "நான் நடந்தாத்தான் நூறு வரும்னாங்க பெரியப்பா." அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த வீட்டில் இல்லை.

செவ்வாய்க்கிழமை பலகை மறுபடியும் தொண்ணூற்றொன்பதுக்கு இறங்கியது. பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆள் நடந்து வரவில்லை. அந்த வாரம் முழுக்க அதே எண். தலைவர் தகவல் அனுப்பினார்: வராத பிள்ளைக்குப் பட்டியலில் என்ன வேலை? நல்லையா இரண்டு நாள் ஒத்திப்போட்டார். மூன்றாம் நாள் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, 'பெற்றோர் விருப்பப்படி விலகல்' என்று எழுதினார். அன்றைக்கே நூற்றுப் பதினாறு பேரில் நூற்றுப் பதினாறு பேரும் நடந்து வந்தார்கள். முப்பதாம் தேதி வரை பலகையில் நூறு அசையவே இல்லை.

முப்பதாம் தேதி பந்தல், தோரணம், படம் பிடிக்க டவுனிலிருந்து ஆள். கபீர் தெருவோரம் பெச்சாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து பூங்காவனத்திடம் சொன்னார். தலைவர் ஒரு மணி நேரம் பேசினார். சமைந்த பெண்பிள்ளை ஒருத்தி பத்து ஆண்கள் பார்க்கத் தலை நிமிர்ந்து நடந்து வந்தாளே, அதுதான் மெர்டேக்கா என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தப் பெண் எங்கே, மேடைக்கு வரட்டும் என்றார். யாரும் வரவில்லை. நல்லையா பக்கத்தில் போய்க் காதில் ஏதோ சொன்னார். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பந்தல் போட்டவருக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தார்.

மெர்டேக்கா வந்தது. கொடி ஏறியது. விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது கரும்பலகை வாசலில் இல்லை. மூன்றாம் வகுப்பில் பலகை உடைந்துவிட்டதால் அங்கே கொண்டுபோய் மாட்டிவிட்டார்கள். கோப்பை தலைவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தது, பத்திரத்துக்காக. விதியைப் பற்றி யாரும் பேசவில்லை. தலைவரின் கார் வாசல் வரைக்கும் வந்தது.

பூங்காவனம் இதைக் கேட்ட அன்றே அப்பாசாமியிடம் ஓடினாள். இப்போது தடையே இல்லை மாமா, பழையபடி படியிலேயே இறங்கலாம் என்றாள்.

"கால் பட்டாச்சே," என்றார் அப்பாசாமி.

கபீர் பாயின் பெச்சா மறுநாளும் படிக்கட்டு வரைக்கும் போனது. அதில் ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள்.