நேர்கோட்டில் நடக்கச் சொன்னார்கள்

சலவைக்கடை வேன் விளக்குக் கம்பத்தில் உரசி நின்றது. என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான் ஓட்டுநர் கீழே இறங்கினார். கால் தரையில் பட்டதும் தெருவே ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஓடிவந்த காவலர் அவர் முகத்தருகே குனிந்து மோந்து பார்த்தார். சாராய வாடை இல்லை. நாக்கு மட்டும் குழறியது.

"குடிக்கலன்னா வேற என்னத்தப் போட்ட? மாத்திரையா, கஞ்சாவா?"

"சத்தியமா ஒண்ணுமில்ல சார்."

காவல் நிலையத்தின் பின்னறைத் தரையில் வெள்ளைக் கோடு போட்டிருந்தது. போதைச் சோதனைக்கென்றே பயிற்சி பெற்ற பெண் அதிகாரி, "குதிகாலும் விரலும் ஒட்டுற மாதிரி கோட்டு மேல நடங்க" என்றார்.

நேராக நடப்பதாகத்தான் ஓட்டுநர் நினைத்தார். சுவர் வந்து தோளில் மோதியது. கண்ணை மூடி மூக்கு நுனியைத் தொடச் சொன்னதும் விரல் கன்னத்தைக் குத்தியது.

"வேனை விட்டு எறங்கியும் வளைவுலயே ஓட்டுறான் மேடம்" என்று காவலர் சிரித்தார்.

ஓட்டுநர் தன் கால்களையே பார்த்தார். தன் உடம்பே தனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறதே! காலையில் குடித்தது தம்பி போட்ட டீ மட்டும்தான். தம்பி கஞ்சா வழக்கில் உள்ளே போய் வந்தவன். திருந்திவிட்டான் என்று வீடே நம்பிக்கொண்டிருந்தது. லைசென்ஸ் போய், வேலை போய், பெண்டாட்டி பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்பது கண்முன் தெரிந்தது.

"என் தம்பிதான் மேடம். டீல எதையோ கலந்திருப்பான்."

காவலர் வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டு உடனே கிளம்பினார்.

அதிகாரி அறையை இருட்டாக்கி, டார்ச்சை ஓட்டுநரின் கண்ணில் அடித்தார். ஒரு கண், மறு கண், திரும்பவும் முதல் கண். அவர் கை அப்படியே நின்றது.

"தலையில அடி ஏதாவது பட்டுச்சா?"

"நேத்து வேன் பின்கதவு இடிச்சுது. லேசாதான். ஆனா காலையிலேர்ந்து மண்டை பொளக்குது."

அதுவரை நிதானமாக இருந்த அதிகாரியின் குரல் உயர்ந்தது. "ஒரு கண் பாப்பா சுருங்கவே மாட்டேங்குது. இது போதை இல்ல. யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, சீக்கிரம்!"

போதை இல்லை என்ற நிம்மதி ஒரு மூச்சுக்குக்கூட நிலைக்கவில்லை. சோதிக்க வந்தவர் முகத்திலேயே பயம் தெரிந்தது. தம்பியை விட்டுவிடச் சொல்ல ஓட்டுநர் வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை.

மண்டைக்குள் கட்டியிருந்த ரத்தத்தை அறுவை செய்து எடுத்தார்கள். கண் விழித்தபோது பக்கத்தில் மனைவி இருந்தாள். கதவோரம் தம்பி நின்றான், உதடு வீங்கியிருந்தது.

"என்னடா இது?"

"போலீஸ் வந்து வீட்டையே புரட்டிப் போட்டாங்கண்ணா. எவனோ என்னை மாட்டி விட்டிருக்கான். அதை விடு, நீ பொழைச்சதே போதும்."

பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"எவனோ இல்லடா. நான்தான்."

தம்பி கட்டிலின் இரும்புக் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வெளியேறினான். மனைவி பின்னாலேயே ஓடினாள். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓட்டுநர் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலம் தம்பி வந்தான். மருந்துப் பையை மேசையில் வைத்தான்.

"ராத்திரி அண்ணி வீட்டுக்குப் போகட்டும். நான் இருக்கேன்" என்றான், அண்ணன் முகத்தைப் பார்க்காமலேயே.