இஞ்சினியர் சொன்ன ரெண்டு பாட்டில்

"என் பட்டத்தக் கழட்டிக் குடுங்கப்பா" என்றேன்.

அப்பா ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும். அவை அசையவில்லை. காது கேட்காத மாதிரி நடிப்பதற்கு இஞ்சினுக்கு அடியைப் போல வசதியான இடம் வேறு கிடையாது.

எங்கள் வீட்டில் நான் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அம்மா அப்படித்தான் சொல்லி வளர்த்தாள். "துணி கேளு, செருப்பு கேளு, கல்யாணம் இப்ப வேணாம்னுகூடச் சொல்லிப் பாரு. அந்தச் சுவத்துல இருக்கிறத மட்டும் கேட்டுறாத. மனுஷன் ஒடிஞ்சு போயிருவாரு."

அந்தச் சுவரில் இருப்பது என் பட்டச் சான்றிதழ். வாகனப் பொறியியல். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். பட்டம் கைக்கு வந்த அன்றே அப்பா அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டார். கிரீஸ் படும் என்று லேமினேட் செய்தார். கண்ணாடிச் சட்டம் போட்டால் சுத்தியல் அதிர்ச்சியில் விரிசல் விடும் என்று, நாலு மூலையிலும் ஓட்டை போட்டு ஸ்க்ரூ வைத்துச் சுவரோடு முறுக்கினார். அசல் சான்றிதழை. நகல் எடுத்து மாட்டலாமே என்று கேட்டதற்கு, "நகல மாட்டவா உன்னப் படிக்க வச்சேன்?" என்றார்.

பெருமை என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு அண்ணன் அதற்குக் கீழே ஒரு பலகை அடித்தான். பலகையில் பாட்டில்களை அடுக்கினான். இஞ்சினைக் கழுவும் மருந்து. பழைய ஆயிலோடு கலந்து ஊற்றினால் உள்ளே படிந்த கசடெல்லாம் கரைந்து வந்துவிடும் என்று பாட்டிலில் போட்டிருக்கும். யாராவது தயங்கினால் அண்ணன் கட்டைவிரலைத் தலைக்கு மேலே காட்டுவான். "வீட்டுலயே இஞ்சினியர் இருக்கா சார். சும்மா விப்போமா?"

அந்த இஞ்சினியருக்குப் பட்டறையில் என்ன வேலை தெரியுமா? டப்பாவில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துச் சொல்வது. பில் போடுவது. கடைக்குப் போய் ஆயில் பில்டர் வாங்கி வருவது. ஸ்பேனரைத் தொட்டால் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிடும். "படிச்ச புள்ள கையில கரி ஆகலாமா? பாக்குறவன் என்ன நெனப்பான்?" நான்கு வருடம் இஞ்சினைப் பிரித்துப் படித்தவளை இஞ்சினைப் பார்க்க மட்டும் அனுமதித்தார்கள்.

"அப்பா, காதுல விழுந்துச்சா? லாரி கம்பெனில வேலைக்கு எடுத்திருக்காங்க. பராமரிப்புப் பிரிவு. அசல் சான்றிதழக் காட்டணும்."

கால்கள் பேசின. "போட்டோ எடுத்துக் காட்டு."

"போட்டோ எடுத்துக்க மாட்டாங்க."

"அப்ப நல்ல கம்பெனி இல்ல அது."

அண்ணன் சிரித்தான். அவனுக்கு ஒரு பல் உடைந்திருக்கும். சிரிக்கும்போது அந்த இடைவெளிதான் முதலில் சிரிக்கும். "இஞ்சினியரம்மா, இங்க என்ன குறைச்சல் உனக்கு? ஃபேனுக்கு அடியில சேர். நாங்கதான் வெயில்ல வேகுறோம்."

"அந்தச் சேர்ல நீ உக்காரு. ஸ்பேனர எங்கிட்ட குடு."

"குடுத்தா எந்தப் பக்கம் திருப்புவே? புக்க பாத்துச் சொல்லு."

அப்போதுதான் வாசலில் கயிறு உரசும் சத்தம் கேட்டது. ஒரு டெம்போ பின்னால் ஒரு வேனை இழுத்துக்கொண்டு வந்து நின்றது. வெள்ளை வேன். பக்கவாட்டில் சட்டையும் ஹேங்கரும் வரைந்திருக்கும். லாண்டரிக்காரம்மாவின் வேன்.

அவர் மூன்று விடுதிகளுக்கும் ஒரு நர்சிங் ஹோமுக்கும் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுப்பவர். கணவர் இல்லை. வேன் அவர் வாங்கும்போதே கிழடு. கிலோமீட்டர் காட்டும் முள் எப்போதோ நின்றுவிட்டது. அதற்கு முன்பே அது ஓடிய தூரம் சாதாரணமில்லை. போன வாரம் இஞ்சின் சத்தம் கனமாக இருக்கிறது என்று கொண்டுவந்தார். ஆயில் மூடியைத் திறந்தேன். மூடியின் உட்புறம் கறுப்புக் கூழ், விரலால் வழித்து எடுக்கலாம் போல.

அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன். அந்த அம்மா நிற்கும்போதே சொன்னேன். "இதுக்கு மருந்து ஊத்தாதீங்க. இவ்வளவு கசடும் ஒரே நேரத்துல கழண்டா, ஆயில் உறிஞ்சுற எடத்துல இருக்கிற சல்லடை அடைச்சுக்கும். மேல ஆயில் ஏறாது. மொதல்ல கீழ்த் தொட்டியக் கழட்டி, சல்லடையக் கழுவி, வெறும் ஆயில ரெண்டு மூணு தடவ மாத்தி மாத்தி விடுங்க. மெதுவாத்தான் கழுவணும்."

தொட்டியைக் கழட்டினால் ஒரு பகல் முழுக்க ஆகும். பாட்டிலைத் திறக்க ஒரு நிமிடம். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார், பிள்ளை மழலை பேசினால் சிரிப்பார்களே, அப்படி. அந்த அம்மா என் முகத்தையும் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பில்டர் வாங்கிட்டு வா" என்று என்னை அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது வேன் இல்லை. லாண்டரிக்காரம்மா அவசரமாகப் போய்விட்டார், பில்டர் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றான் அண்ணன். என்ன செய்தீர்கள் என்றேன். சும்மா பார்த்துவிட்டு அனுப்பினோம் என்றான்.

இப்போது அந்த வேன் கயிற்றில் வந்திருந்தது.

லாண்டரிக்காரம்மா ஸ்டீயரிங்குக்குப் பின்னாலிருந்து இறங்கினார். புடவையின் முன்பக்கம் வெளுத்திருந்தது; சோப்புத் தண்ணீர் தெறித்துத் தெறித்து வெளுத்த வெளுப்பு. குரலை உயர்த்தவில்லை.

"சிவப்பு லைட்டு எரிஞ்சுது அண்ணே. நிறுத்துறதுக்குள்ள உள்ள கடகடன்னு ஒரு சத்தம். அதோட சரி. செல்ஃப் அடிச்சா அசையவே மாட்டேங்குது. வண்டி நிறைய ஆஸ்பத்திரி விரிப்பு."

அப்பா காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். அந்தச் சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது.

நான் வேனின் மூடியைத் திறந்து ஆயில் அளவுக் குச்சியை உருவினேன். நீர்த்த கறுப்பு. மூக்கருகே கொண்டுபோனால் மருந்தின் நெடி அடித்தது. பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். உரக்கப் படித்துச் சொன்னவளும் நான்தான். இஞ்சினை நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் ஓடவிடு, வண்டியை ஓட்டாதே, உடனே வடித்துவிடு.

"அக்கா, இத ஊத்திட்டு வடிக்கவே இல்லையா?"

"வடிக்க வேணாம், ஒரு வாரம் ஓட்டிட்டு வாங்கன்னு உங்கப்பாதான் சொன்னாரு. துணிய ஊறவச்சா மட்டும் அழுக்குப் போயிருமா, அடிச்சுத் துவைச்சாத்தான போகும், இஞ்சினும் அப்படித்தான், நல்லா ஓட்டுங்கன்னாரு. எனக்கும் சரின்னு பட்டுச்சு. என் தொழில் எனக்குத் தெரியாதா?"

அடிச்சுத் துவைக்கிறதாம். அந்த மருந்தோடு மேடு பள்ளமெல்லாம் பாரம் ஏற்றி ஓடியிருக்கிறது வேன். கழண்ட கசடெல்லாம் சல்லடையில் போய் அப்பியிருக்கும். தாகத்தில் செத்திருக்கிறது இஞ்சின்.

"பழைய வண்டிம்மா" என்றார் அப்பா. "எதுக்கும் ஒரு காலம் இருக்கில்ல."

"போன வாரம் ஓடுச்சே அண்ணே."

"கிழவனுக்கு மருந்து குடுத்தோம். தாங்கல. டாக்டர் மேல பழி போட முடியுமா?"

அண்ணன் சிரிக்கப் பார்த்தான். யாரும் சேர்ந்து சிரிக்காததால் பல்லை மூடிக்கொண்டான்.

லாண்டரிக்காரம்மா என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் கோபம் இருந்தது, அது அப்பாவை நோக்கி இல்லை. என்னை நோக்கி.

"நீ மொதல்ல வேணாம்னுதானம்மா சொன்னே. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. நீ கடைக்குப் போன பெறகு உங்கப்பா சொன்னாரு, உள்ள பேசிட்டோம், பொண்ணு சரின்னுட்டா, பழைய வண்டிக்கு ஒரு பாட்டில் பத்தாது, ரெண்டா ஊத்தச் சொன்னதே அவதான்னு. அந்தப் பட்டத்தக் காட்டிச் சொன்னாரு. அத நம்பித்தான் ஊத்தச் சொன்னேன். ஏம்மா மாத்திச் சொன்னே?"

அண்ணன் போய் ரேடியோவை அணைத்தான்.

வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே இருக்கும் கதவில் அம்மா வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என்னைப் பார்த்துத் தலையை லேசாக, மிக லேசாக ஆட்டினாள். பேசாதே என்று அர்த்தம். அந்தத் தலையாட்டலில்தான் நான் வளர்ந்தேன்.

"நான் சொல்லல அக்கா" என்றேன். "மாத்தவே இல்ல. ஊத்தினதே எனக்குத் தெரியாது."

"ஏய்" என்றான் அண்ணன்.

"அப்ப ரெண்டு பாட்டில்னு சொன்னது?"

"அதுவும் நான் இல்ல."

அப்பா கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "வெளியாளுங்க முன்னாடி அப்பனப் பொய்யன்னு சொல்றா. இதுக்குத்தான் படிக்க வச்சேன்."

"இதுக்குத்தான்ப்பா படிச்சேன்."

"உன் பேரச் சொல்லாம யார் பேரச் சொல்லுவேன்? அந்தப் பட்டத்துக்கு ராவும் பகலும் இரும்படிச்சது யாரு? எனக்கு அதுல பாத்தியதை இல்லையா?"

அவர் குரல் உடைந்தது. நடிப்பில்லை அது. அவர் நிஜமாகவே அப்படி நினைத்தார். பிள்ளையைப் படிக்கவைத்தால் பிள்ளையின் வாயும் தனக்குத்தான் என்று. மனுஷன் ஒடிந்துபோவார் என்று அம்மா சொன்னது பொய்யில்லை. என் கண்முன்னால்தான் ஒடிந்தார். அதற்காக நான் பொய் சொல்ல முடியாது.

கருவிப் பலகையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். பட்டறையில் யார் அனுமதியும் இல்லாமல் நான் எடுத்த முதல் கருவி. பாட்டில் பலகைக்கு மேலே எட்டவில்லை. ஃபேனுக்கு அடியில் இருந்த என் சேரை இழுத்துப் போட்டு ஏறினேன்.

"எறங்கு" என்றார் அப்பா.

முதல் ஸ்க்ரூ சுலபமாகத் திரும்பியது. எந்தப் பக்கம் என்று எந்தப் புத்தகத்தையும் பார்க்கவில்லை. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது வருவதற்குள் பலகையிலிருந்து ஒரு பாட்டில் உருண்டு கீழே விழுந்தது. பிளாஸ்டிக், உடையவில்லை. அண்ணன் குனிந்து எடுத்து, பழக்கதோஷத்தில் திரும்பவும் அடுக்கினான்.

நாலாவது ஸ்க்ரூவின் தலை தேய்ந்திருந்தது. ஸ்க்ரூடிரைவர் வழுக்கிக்கொண்டே இருந்தது.

"அம்மாடி, எறங்கிடு" என்றாள் அம்மா. "அது கிழிஞ்சிரும்."

"கிழியட்டும்."

பிடித்து இழுத்தேன். மூலை சுவரிலேயே நின்றுவிட்டது. மீதி என் கையில் வந்தது. என் பெயர் முழுசாக இருந்தது. சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம், அதைச் சுற்றிக் கரி.

இறங்கினேன். அப்பாவுக்கும் வாசலுக்கும் நடுவே லாண்டரிக்காரம்மா நின்றிருந்தார். என்னைப் பாராட்டவில்லை, தட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அது தேவையும் இல்லை. அவர் வேன் ஓடப்போவதில்லை.

"விரிப்ப என்ன பண்றது?" என்றார், யாரிடம் என்று தெரியாமல்.

"இழுத்துட்டு வந்த டெம்போவுல ஏத்துங்க அக்கா. வேன இங்க விடாதீங்க. தொட்டிய இவங்க கழட்டக் கூடாது, கழட்டினா கசட வழிச்சுப் போட்டுட்டு ஒண்ணுமே இல்லன்னுருவாங்க. வேற பட்டறைக்குக் கொண்டு போங்க. அங்க கழட்டும்போது நானும் வந்து நிக்கிறேன். என்ன ஊத்தினாங்க, எப்படி ஊத்தினாங்கன்னு எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

"யாருக்கு எதிரா சொல்லப் போற?" என்றார் அப்பா, மெதுவாக.

அது அவருக்கே தெரியும்.

"இந்த வாசலத் தாண்டினா" என்று அண்ணன் ஆரம்பித்தான். அப்பா கையைக் காட்டி அவனை நிறுத்தினார். அந்த ஒரு கையசைவுக்காக நான் ஒரு கணம் நின்றிருப்பேனோ என்னவோ. ஆனால் உடனே அவர் சொன்னார்: "போகட்டும். லாரிக் கம்பெனிக்காரன் மூலை கிழிஞ்ச பட்டத்தப் பாத்துத் திருப்பி அனுப்புவான். வந்து இதே சேர்ல உக்காருவா."

அனுப்பலாம். அப்படி அனுப்பினால் வேறு இடத்தில் போய் நிற்பேன். கை காலியாக இருந்தாலும் அந்தச் சேரில் உட்காரமாட்டேன் என்பது ஸ்க்ரூடிரைவரை எடுக்கும்போதே முடிவாகிவிட்டது.

அம்மா வாய்மேல் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். இப்போது அவள் தலை அசையவில்லை.

ஸ்க்ரூடிரைவரைப் பலகையில் அதன் இடத்திலேயே மாட்டினேன். சான்றிதழை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். லேமினேஷன் சூடாக இருந்தது. வெளியே டெம்போக்காரர் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

"அவுக்காதீங்க அண்ணே" என்றேன். "இன்னும் கொஞ்ச தூரம் இழுக்கணும். ஸ்டீயரிங்க நான் பிடிச்சுக்கறேன்."

வாசலைத் தாண்டினேன்.